பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாட்டின் தண்ணீர்க் கணக்கைச் சொல்லிக்கொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளிடம் "தண்ணீர்ப் பஞ்சம் ஏன் வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். மழை இல்லை, மரத்தை வெட்டிவிட்டார்கள், பக்கத்து மாநிலம் தரவில்லை. இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் எதற்கும் பின்னால் ஒரு எண்கூட இருக்காது. அப்புறம் "தண்ணீரைச் சேமிப்போம்" என்று ஒரு போஸ்டர் வரைவார்கள், அதோடு பாடம் முடிந்துவிடும்.

அந்தப் போஸ்டரைத் தாண்டிப் போக நினைக்கிற ஆசிரியர்கள், டியூஷன் எடுப்பவர்கள், நூலகங்களில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்தும் தன்னார்வலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்றால் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். உதாரணங்கள் தமிழ்நாட்டை வைத்துத்தான் இருக்கும், ஏனென்றால் இந்தியாவின் தண்ணீர்ச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு மாநிலத்துக்குள்ளேயே கிடைக்கின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக இதை எடுப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது வரிசையில்தான். உலகத் தண்ணீரில் எத்தனை சதவீதம் நன்னீர், இந்தியாவுக்கு எவ்வளவு பங்கு என்று மேலிருந்து தொடங்குவார்கள், பத்தாவது நிமிடத்தில் பின்வரிசை தூங்கிவிடும். குழாயிலிருந்து தொடங்கி நாட்டில் முடியுங்கள்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தமிழ்நாட்டு ஆறுகள், அணைகள் தெரிகிற பெரிய வரைபடம் ஒன்று. 74 புளியங்கொட்டைகள் (ஏன் 74 என்பது எட்டாம் படியில் தெரியும்). ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் இரண்டு, கொஞ்சம் ஆற்று மணல், கொஞ்சம் களிமண், அளவுக் குடுவை, ஒரு தாம்பாளம், ஒரு புனல். முடிந்தால், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பாக்கெட் டிடிஎஸ் மீட்டர் ஒன்று.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, முதல் வகுப்புக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டிய ஒரு குறிப்பு நோட்டு. செய்தித்தாளில் தினமும் மேட்டூர் அணை நிலவரம் வரும்: நீர்மட்டம், நீர்வரத்து, நீர் திறப்பு, நீர் இருப்பு. சென்னைப் பக்கம் என்றால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் இருப்பைக் குடிநீர் வாரியமே தினமும் வெளியிடுகிறது. இரண்டு பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுத்து, தினமும் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

விளக்கம் எதுவும் அப்போது வேண்டாம். எழுதிக்கொண்டே வருகிறவர்களுக்கு "வரத்தைவிடத் திறப்பு அதிகமாக இருக்கிறதே, அப்புறம் எப்படி?" என்ற கேள்வி தானாகவே வரும். அந்தக் கேள்வியோடு வகுப்புக்கு வருகிற இரண்டு பேர் இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

## 2. முதல் வகுப்பு: உன் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் குழாயிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். குழாய், மேல்நிலைத் தொட்டி, சம்ப், அதற்கு முன்னால்? போர்வெல்லா, பஞ்சாயத்துக் குழாயா, லாரியா, கேனா? அதற்கும் முன்னால் எந்த ஏரி, எந்த ஆறு? தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள். ஊகித்து நிரப்ப விடாதீர்கள்.

இப்படித் தொடங்குவதற்குக் காரணம், ஒரே வகுப்பில் இருக்கிற முப்பது பேருக்கும் ஒரே மூலம் இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிடும். ஒரே வீட்டிலேயே குடிக்கக் கேன், குளிக்க போர்வெல், சமைக்கக் குழாய்த் தண்ணீர் என்று மூன்று மூலம் இருக்கும். "நாட்டின் தண்ணீர் வளம்" என்ற ஒற்றைத் தொட்டி எங்கேயும் இல்லை என்று பிள்ளைகள் தாங்களே பிடித்துவிடுவார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தெருக்குழாயிலோ லாரியிலோ பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பாடம் மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை குடம், ஒரு குடத்துக்கு எத்தனை லிட்டர், லாரி வராத நாளில் எதைத் தள்ளிப்போடுவது என்று துல்லியமாகச் சொல்வார்கள், அதிலும் பெண் பிள்ளைகள். ஆனால் "உங்கள் வீட்டில் குழாய் இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டால் அதற்குப்பின் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். பேரில்லாமல் தாளில் எழுதி வாங்கி, நீங்களே கலந்து படித்துவிடுங்கள்.

## 3. அளவுகளைப் பழக்குங்கள், இதை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள்

டிஎம்சி, கன அடி, மில்லிமீட்டர் என்ற மூன்றும் செய்தியில் தினமும் காதில் விழுகின்றன, பெரியவர்களில்கூடப் பலருக்கு இவை வெறும் சத்தம்தான். இதைத் தாண்டாமல் மேலே போனால் பின்னால் வருகிற எதுவும் நிற்காது. ஒரு முழு வகுப்பையும் இதற்கே கொடுங்கள்.

மழையிலிருந்து தொடங்குவது எளிது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 50 மி.மீ. பெய்தால் 5,000 லிட்டர். பள்ளி மாடியை நாடாவால் அளந்து, சென்ற மழைக்கு எவ்வளவு தண்ணீர் வடிகுழாய் வழியாகத் தெருவுக்குப் போனது என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பள்ளியிலும் ஒரு குழி இருக்க வேண்டும். அது திறந்திருக்கிறதா, இல்லை மேலே சிமெண்ட் பூசிவிட்டார்களா என்று கையோடு பார்த்துவிடுங்கள்.

அடுத்து டிஎம்சி. 100 கோடி கன அடி, லிட்டரில் சொன்னால் சுமார் 2,831 கோடி. இப்படிச் சொன்னால் யாருக்கும் எதுவும் தோன்றாது. 12,000 லிட்டர் லாரியில் நிரப்பினால் எத்தனை லாரி என்று வகுக்கச் சொல்லுங்கள், 23 லட்சத்தைத் தாண்டும். சென்னை நகரத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 கோடி லிட்டர் விநியோகம், ஆகவே ஒரு டிஎம்சி ஏறக்குறைய ஒரு மாதம் ஓடும். "சென்னைக்கு மாதம் ஒரு டிஎம்சி" என்ற இந்த ஒரு வரி மனதில் பதிந்துவிட்டால் அதற்கப்புறம் ஏரி நிலவரச் செய்தியைப் பிள்ளைகள் வேறு மாதிரி வாசிப்பார்கள்.

கன அடி என்று செய்தியில் வருவது விநாடிக்கு இவ்வளவு என்கிற ஓட்டத்தின் வேகம், டிஎம்சி என்பது நிற்கிற அளவு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி சேரும். இதைச் சொல்லித் தராமல், 86,400 விநாடியை வைத்து அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.

கடைசியாக, அடி. மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. 60 அடி என்றால் பாதி என்று எல்லோரும் சொல்வார்கள். புனலின் வாயை அடைத்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் குடுவையில் கொட்டிக் காட்டுங்கள். முழுப் புனல் கொள்வதில் அது எவ்வளவு சொற்பம் என்று தெரியும். அணையும் அடியில் குறுகி மேலே விரிகிற பள்ளத்தாக்குதான். மேட்டூரில் 60 அடி நின்றால் கொள்ளளவில் கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். உங்கள் இரண்டு வாரக் குறிப்பு நோட்டில் அடியையும் டிஎம்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதுதான் நேரம்.

## 4. மழை: எவ்வளவு என்பதைவிட எப்போது, எங்கே

இந்தியாவின் மழையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் தென்மேற்குப் பருவத்தில் பெய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற தமிழ்நாட்டுக்கு அதில் கிடைப்பது குறைவு. நம் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில். ஆனால் காவிரி தொடங்குகிற குடகில் பெய்வது தென்மேற்கு மழை. அதாவது டெல்டா விவசாயி இரண்டு பருவத்தை நம்பியிருக்கிறார், அதில் ஒன்று வேறு மாநிலத்தின் மலையில் பெய்கிறது. இதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டாமல் வாயால் மட்டும் சொன்னால் நிற்காது.

"மழை பெய்தால் தண்ணீர் இருக்கும்" என்ற நம்பிக்கையை உடைக்க 2018ஐவிட நல்ல ஆண்டு கிடையாது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தது, கொள்ளிடத்தில் வெள்ளம் ஓடியது, முக்கொம்பு மேலணையில் மதகுகள் சில உடைந்தே போயின. அதே ஆண்டு இறுதியில் சென்னைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டன, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வந்தது. ஒரே மாநிலம், ஓராண்டுக்குள் வெள்ளமும் வறட்சியும்.

அந்த ரயிலை அப்படியே விட்டுவிடாமல் கணக்காக்குங்கள். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர், நகரத்துக்குத் தேவை நாளுக்கு 100 கோடி. அப்படியானால் தினமும் எத்தனை ரயில் வேண்டும்? 400. வகுப்பு சிரித்துவிடும். சிரித்து முடித்ததும், அப்படியானால் அந்த ரயிலை ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள், நல்ல விவாதம் கிளம்பும்.

பருவநிலை மாற்றத்தையும் இங்கேதான் தொட வேண்டும், ஆனால் சுருக்கமாக: மொத்த மழை பெரிதாக மாறாமலே அது குறைந்த நாட்களில் கொட்டித் தீர்த்தால், தேக்கவும் ஊறவும் அவகாசம் இருக்காது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் அவர்களுக்குத் தெரிந்த உதாரணம். எல்லாப் பஞ்சத்துக்கும் பருவநிலை மாற்றத்தையே காரணமாக எழுதிவிட்டுத் தப்பிக்க மட்டும் விடாதீர்கள்.

## 5. தேக்கம்: ஏரி எப்படி வேலை செய்கிறது

பக்கத்தில் ஏரியோ கண்மாயோ இருந்தால் வகுப்பை அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். தமிழ்நாட்டில் 39,000க்கும் மேல் இருக்கின்றன, நடந்துபோகிற தூரத்தில் ஒன்று அகப்படும். போனதும் நான்கு இடங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: தண்ணீர் வருகிற வரத்துக் கால்வாய், கரை, வயலுக்குத் திறக்கிற மதகு, மிஞ்சியது வழிகிற கலங்கல்.

மூன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள், வரத்துக் கால்வாயைத்தான் தேடிக்கொண்டே இருப்பார்கள். அது பெரும்பாலும் வீட்டு மனைக்கு அடியிலோ, குப்பைக்கும் சீமைக்கருவேல முள்ளுக்கும் நடுவிலோ இருக்கும். ஏரியைத் தூர்வாரினால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வரத்துக் கால்வாய் அடைபட்ட ஏரியை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அது ஆழமான காலி ஏரிதான்.

அடுத்து ஆவியாதல். அரை லிட்டரைத் தாம்பாளத்திலும், அரை லிட்டரைக் குறுகிய வாய் பாட்டிலிலும் ஊற்றி மொட்டை மாடியில் ஒரு நாள் வையுங்கள். மறுநாள் மிச்சத்தை அளந்தால் வித்தியாசம் கண்ணைப் பறிக்கும். நம் ஏரிகள் தாம்பாள ரகம், அகலம் அதிகம் ஆழம் குறைவு. செய்யும்போது தாம்பாளத்தின் மேல் ஒரு துண்டுக் கொசுவலையைக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காக்கை குடித்ததையும் சேர்த்து ஆவியாதல் என்று எழுதிவிடுவார்கள்.

## 6. நிலத்தடி: கண்ணுக்குத் தெரியாத பாதி

பாட்டில்களின் அடியை வெட்டிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்து, வாயில் துணி கட்டி, ஒன்றில் மணல், மற்றதில் களிமண் நிரப்புங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் 200 மில்லி ஊற்றுங்கள். மணலில் சில நொடிகளில் கீழே சொட்டத் தொடங்கும், களிமண்ணின் மேல் குளமாக நிற்கும்.

இந்தச் சோதனை சொதப்புவதற்கு ஒரே காரணம்தான். காய்ந்த களிமண்ணில் வெடிப்பு இருக்கும், தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகவும் பாட்டில் ஓரமாகவும் குடுகுடுவென்று இறங்கி, மணலைவிட வேகமாகக் கீழே வந்துவிடும். முந்தின நாளே களிமண்ணை நனைத்து, பிசைந்து, ஓரங்களை விரலால் அழுத்தி அடைத்துவிடுங்கள். அதையும் மீறி வெடிப்பு வழியாக இறங்கினால், கரிசல் காட்டில் முதல் மழை இப்படித்தான் இறங்கும் என்று சொல்லி, அதையே பாடமாக்கிவிடலாம்.

ஆற்றில் மணல் அள்ளினால் கரையோரக் கிணறு ஏன் வற்றுகிறது என்பதற்கு அந்த மணல் பாட்டிலே விடை. அதைக் கேள்வியாகக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள், நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது.

உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீர் எடுக்கிற நாடு இந்தியா. அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து எடுப்பதைவிட அதிகம். இந்த இருப்பை அரசு வகைப்படுத்தும் முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: ஓராண்டில் எடுக்கத்தக்க அளவில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு அபாயம், 100 வரை அபாயம், 100ஐத் தாண்டினால் அளவுக்கு மீறிச் சுரண்டப்பட்டது. தமிழ்நாட்டில் இதைப் பிர்க்கா (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதி) வாரியாகவே கணக்கெடுக்கிறார்கள். தங்கள் பிர்க்கா எந்த வகையில் இருக்கிறது என்று ஒரு பிள்ளை தேடிக் கண்டுபிடித்தால், "இந்தியா முழுக்க" என்று நீங்கள் சொல்கிற எதைவிடவும் அது ஆழமாக இறங்கும்.

100ஐத் தாண்டுவது எப்படி முடியும் என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். ஆண்டுதோறும் ஊறுவதை எடுத்து முடித்துவிட்டு, அதற்கு முன் எத்தனையோ காலம் சேர்ந்து கிடந்ததையும் இறைக்கிறோம், வட்டியோடு அசலையும் தின்பது மாதிரி. போர்வெல் ஆழம் ஆண்டுக்கு ஆண்டு கூடுவதன் கணக்கு இதுதான். வீட்டில் இருக்கிற தாத்தா பாட்டியிடம், அவர்கள் காலத்தில் கிணறு எத்தனை அடியில் இருந்தது என்று கேட்டு வரச் சொல்லுங்கள்.

## 7. யார் எடுக்கிறார்கள்?

இதை முதலிலேயே சொல்லக் கூடாது, இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். வகுப்பிடம் கேளுங்கள்: நாட்டில் எடுக்கப்படும் தண்ணீரில் வீடுகளுக்குப் போவது எவ்வளவு, தொழிற்சாலைக்கு எவ்வளவு, விவசாயத்துக்கு எவ்வளவு? பல் தேய்க்கும்போது குழாயை மூடு என்று கேட்டே வளர்ந்தவர்கள், வீட்டுக்குப் பாதியாவது போகிறது என்பார்கள். விவசாயம் மட்டும் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கிறது.

சொன்னதும் அடுத்த தவறு தயாராக நிற்கும்: "அப்படியானால் விவசாயிதான் காரணமா?" இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியில் சுமார் 2,500 லிட்டர் தேவைப்படுகிறது. நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். வகுத்துப் பாருங்கள், ஒரு கிலோ அரிசியில் ஒரு ஆளின் 18 நாள் தண்ணீர் இருக்கிறது. விவசாயி எடுக்கிற தண்ணீர் நம் தட்டுக்குத்தான் வருகிறது. நம் ரேஷன் கடையில் எது கிடைக்கிறது, அரசு எந்தப் பயிரை நிச்சய விலைக்குக் கொள்முதல் செய்கிறது, மோட்டாருக்கு மின்சாரம் இலவசமா என்பதெல்லாம் அவர் எதைப் பயிரிடுகிறார் என்பதைத் தீர்மானிக்கின்றன. இலவச மின்சாரம் நிலத்தடி நீரை இறைக்கத் தூண்டுகிறது என்ற வாதமும் சரி, அது இல்லாவிட்டால் சிறு விவசாயி தாக்குப்பிடிக்க முடியாது என்ற வாதமும் சரி, இரண்டையும் வகுப்பில் வையுங்கள். தீர்ப்பு நீங்கள் சொல்ல வேண்டாம்.

வீட்டில் ஒரு நாள் எத்தனை வாளி செலவாகிறது என்று குறித்துவரச் சொல்லலாம். ஆனால் யார் குறைவு என்று போட்டி வைத்தால் எண்ணைக் குறைத்து எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரே ஒரு வாளியில் குளிக்கிற வகுப்பு உலகத்தில் இல்லை.

## 8. பங்கீடு: புளியங்கொட்டை ஆட்டம்

காவிரியில் 740 டிஎம்சி இருப்பதாக நடுவர் மன்றம் கணக்கிட்டது. ஒரு கொட்டைக்கு 10 டிஎம்சி வீதம் 74 கொட்டை. வகுப்பைத் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி என்று நான்கு அணியாகப் பிரியுங்கள். முதலில் எந்த விவரமும் சொல்லாமல், "பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். மக்கள்தொகை, முன்பிருந்தே பயன்படுத்திய உரிமை, ஆறு பிறக்கிற இடம், பாசனப் பரப்பு என்று வழக்கில் வந்த வாதங்களில் முக்கால்வாசி தானாக வந்துவிடும்.

பிறகு 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பங்கைக் கொடுங்கள்: தமிழ்நாடு 404.25, கர்நாடகம் 284.75, கேரளம் 30, புதுச்சேரி 7, சுற்றுச்சூழலுக்கு 10, கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவது 4. கொட்டையில் 40, 28, 3, 1, கடைசி இரண்டுக்கும் சேர்த்து 2. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை. கடலுக்குப் போகிற தண்ணீர் வீண் என்று அடித்துப் பேசும் பிள்ளைக்கு அந்த இரண்டு கொட்டையைக் காட்டுங்கள். ஆறு கடலைத் தொடாவிட்டால் உப்பு உள்ளே ஏறும், முகத்துவாரத்து மீனும் போய்விடும்.

இப்போது ஆட்டத்தின் முக்கியமான கட்டம். 30 கொட்டையை எடுத்துவிடுங்கள், மழை குறைந்த ஆண்டு. எல்லோரும் ஒரே விகிதத்தில் குறைப்பதா, குடிநீருக்கு முதலில் ஒதுக்குவதா? 740 என்பதே சுமாராக இரண்டில் ஓர் ஆண்டுதான் கிடைக்கும் என்கிற கணக்கு என்பதை அப்போது சொல்லுங்கள். நல்ல ஆண்டில் யாரும் வழக்குப் போடுவதில்லை, சண்டை எல்லாம் பற்றாக்குறை ஆண்டின் பங்குக்குத்தான்.

நேரம் இருந்தால் மாதக் கணக்கையும் ஆடலாம். மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கிற இடமான பில்லிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டியது ஆண்டுக்கு 177.25 டிஎம்சி, அதில் ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95. மொத்தமும் கொடுத்துவிட்டு, ஆனால் ஜூலைப் பங்கை அக்டோபரில் கொடுத்தால் டெல்டாவின் குறுவை நெல் என்ன ஆகும்? மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம் என்பதன் காரணம் அங்கே புரிந்துவிடும். 404.25இல் மீதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பவானி, அமராவதி என்று பில்லிகுண்டுலுவுக்குக் கீழே சேர்கிற தண்ணீர். கர்நாடகம் 404 தர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பெரியவர்களிலும் உண்டு.

ஆட்டம் மாநில வெறுப்பாகத் திரும்புவது இங்கே அடிக்கடி நடக்கிற விபத்து. அதற்கு ஒரே மருந்து, பாதியில் அணிகளை மாற்றுவது. தமிழ்நாட்டுக்காகத் தொண்டை கிழியப் பேசியவரை கர்நாடகத்தின் மண்டியா கரும்பு விவசாயியாகவோ பெங்களூரு அடுக்குமாடிவாசியாகவோ உட்கார வையுங்கள்.

## 9. இருந்தும் இல்லாத தண்ணீர்

நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992இல் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதில் வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. அணை இருந்தது, தண்ணீர் இருந்தது, பாசனம் இல்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தரம் கெட்டால் அளவும் போய்விடும் என்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளாக இருந்தால் புளோரைடையும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிடிஎஸ் மீட்டரை இங்கே எடுங்கள். கேன், குழாய், போர்வெல், மழைநீர் நான்கையும் அளந்து பார்க்கலாம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. எண் குறைவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள், அது தப்பு. மீட்டர் கரைந்த உப்பை மட்டும்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. கடல் நீரில் நேரே முக்காதீர்கள், 35,000 அளவுக்கு இருக்கும், சின்ன மீட்டர் திணறும். பத்து மடங்கு நல்ல தண்ணீர் கலந்து அளக்கலாம்.

கடல் என்றதும் "கடல்நீரைக் குடிநீராக்கினால் தீர்ந்ததே" என்று ஒருவர் எழுந்திருப்பார். உட்கார வைக்காமல் கணக்கைக் கொடுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம். மீஞ்சூர் ஆலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர், ஆகவே தினமும் மூன்று முதல் நான்கு லட்சம் யூனிட். குடிக்கத் தாங்கும், சென்னை அதைத்தான் செய்கிறது. அதில் நெல் விளைவித்தால் ஒரு கிலோ அரிசிக்கு எட்டொன்பது யூனிட் ஆகும், அதைத் தாங்குமா என்று அவரே சொல்லட்டும்.

## 10. இப்போது நாடு

எல்லாம் முடிந்த பிறகுதான் தேசிய எண்கள். இந்திய ஆறுகளில் ஓராண்டில் ஓடுவது சராசரியாக 1,86,900 கோடி கன மீட்டர் என்பது நீண்ட காலம் புழங்கிய மதிப்பீடு. 1951இல் மக்கள்தொகை 36.1 கோடி, 2011இல் 121 கோடி. இரண்டாலும் வகுக்கச் சொல்லுங்கள். தலைக்கு 5,177 கன மீட்டர் இருந்தது 1,545 அளவுக்கு இறங்கியிருக்கும். 1,700க்குக் கீழே போனால் தண்ணீர் நெருக்கடி உள்ள நாடு என்பது உலக அளவில் புழங்கும் அளவுகோல்.

தண்ணீர் குறைந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள், கவனியுங்கள். மேலே இருக்கிற எண் இரண்டிலும் ஒன்றுதான், கீழே இருப்பதுதான் மாறியது. அடுத்து, அந்த 1,86,900இல் தேக்கியும் இறைத்தும் உண்மையில் பயன்படுத்த முடிவது, நிலத்தடி நீரையும் சேர்த்து, 1,12,300 மட்டும் என்று சொல்லி மறுபடி வகுக்க வையுங்கள், 928 வரும்.

உடனே அந்தச் சராசரியையும் உடைத்துவிடுங்கள். மேகாலயாவின் மௌசின்ராமில் ஆண்டுக்கு 11,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது, ராஜஸ்தானின் ஜெய்சல்மரில் சுமார் 200 மி.மீ.தான். பிரம்மபுத்திராவின் தண்ணீரையும் சேர்த்து வகுத்த 1,545, ராமநாதபுரத்துக் குடத்துக்கு எதுவும் சொல்லாது. முதல் வகுப்பிலேயே இந்த எண்ணைக் கொடுத்திருந்தால் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்திருப்பார்கள். இப்போது கொடுத்தால் சந்தேகப்படுவார்கள், அதுதான் வேண்டும்.

## 11. புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கட்டுரை வேண்டாம், இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடுவார்கள். ஒரு நிலைமையைக் கொடுங்கள். ஜனவரி முதல் தேதி, சென்னை ஏரிகளில் 3 டிஎம்சிதான் இருக்கிறது, வடகிழக்குப் பருவம் முடிந்துவிட்டது, அடுத்த நல்ல மழைக்கு அக்டோபர் ஆகும். நீதான் பொறுப்பு அதிகாரி. இன்று என்ன செய்வாய், ஏப்ரலில் என்ன செய்வாய்? மூன்று பேர் சேர்ந்து ஒரு பக்கம்.

திருத்தும்போது மூன்றைப் பாருங்கள். மாதம் ஒரு டிஎம்சி என்று போட்டுப் பார்த்து, ஏப்ரல் தொடக்கத்தில் தீரும் என்று கண்டார்களா, ஆவியாதலைக் கழித்தார்களா? வீராணம், கடல்நீர் ஆலை, கிருஷ்ணா நீர், விவசாயக் கிணறுகள் என்று வேறு மூலங்களைத் தேடும்போது அங்கே ஏற்கெனவே அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறவர் யார் என்று கேட்டார்களா? விநியோகத்தைக் குறைப்பதாக இருந்தால் யாருக்கு முதலில் என்று எழுதினார்களா? "மக்கள் சிக்கனமாக இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதிய தாளைத் திருப்பிக் கொடுத்து, எவ்வளவு மிச்சமாகும் என்று எண்ணோடு கேளுங்கள்.

ஒரு மாதம் கிடைக்காது, மூன்று வகுப்புதான் என்றால் மூன்றாவது படியையும் எட்டாவது படியையும் இந்தக் கடைசிப் பயிற்சியையும் வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். அப்படி விட்டாலும் இரண்டு வாரக் குறிப்பு நோட்டை விடாதீர்கள், அதற்கு வகுப்பு நேரமே தேவையில்லை. அக்டோபரில் தொடங்கினால் நோட்டில் எண்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்கலாம். மார்ச்சில் தொடங்கினால் பெரும்பாலும் இறங்குமுகம்தான், பத்தாம் வகுப்புக்குத் தேர்வும் வந்துவிடும்.